பின்னால் நின்று பார்த்த டி.வி.

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று கடைசியாக எப்போது ஏறிப் பார்த்தீர்கள்?

நான் போன சித்திரையில் பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கிராமத்து வீடு. ஓடு மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் பரணைக் காலி பண்ண வேண்டும் என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அடிப்பக்கம் ஓட்டை விழுந்த அண்டா, ஒரு கால் இல்லாத முக்காலி, அப்பாவின் கணக்கு நோட்டுகள், எலி கடித்த மெத்தை. எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய வேட்டியால் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய பெட்டி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் பிளாக் அண்ட் வொயிட் டி.வி.

கம்பெனி பெயர் வேண்டாம். சாலிடேர், டயனோரா, இ.சி., கெல்ட்ரான் என்று அந்தக் காலத்தில் ஏழெட்டுப் பெயர்கள். உங்கள் வீட்டில் எது இருந்ததோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ஏறக்குறைய ஒரே ஜாடைதான். மரப்பெட்டி, இழுத்துச் சாத்திப் பூட்டுகிற ஷட்டர், நாலு கால், 20 இன்ச் படம், சேனல் மாற்ற 'கடக் கடக்' என்று திருகுகிற குமிழ்.

மூன்று பேர் சேர்ந்து இறக்கினோம். வாசலில் நின்ற பழைய இரும்பு வியாபாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிட்டுப் போறதுக்கு நீங்கதான் சார் கூலி தரணும்" என்றார். சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"உங்கப்பா ஆசையா வாங்கினது. தூக்கிப் போடுறதுன்னா போடு. அதுக்கு முன்னாடி ஒருதடவை ஓடுதான்னு மட்டும் பாத்துரு" என்றாள்.

1984-ல் அப்பா அதை வாங்கினார். எனக்கு ஆறு வயது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்றே ஆரம்பித்துவிட்டாலும், எங்கள் கரிசல் காட்டுக்கு அது வந்து சேரவில்லை. எங்களுக்கு முதலில் வந்தது இலங்கையின் ரூபவாஹினி. 1982-ல் அவர்கள் ஆரம்பித்த கொஞ்ச நாளில், தென் மாவட்டங்களில் மொட்டை மாடிக்கு மாடி உயரமான இரும்புக் கம்பங்கள் முளைத்தன. ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் பார்த்துத் திருப்பி, நடுவில் ஒரு பூஸ்டர் வைத்தால், மன்னார் வளைகுடாவைத் தாண்டி படம் வரும். காற்று மாறினால் படமும் மாறும். சிங்களத்தில் ஒரு எழுத்து புரியாது. ஆனாலும் முழுவதும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். டி.வி. வைத்துக்கொள்ள லைசென்ஸ் எடுத்து போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டிய காலம் அது.

பிறகு கொடைக்கானல் டவர் வந்தது. சென்னை தெரிந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா. எங்கள் வீடு தியேட்டர் ஆனது. அந்தத் தியேட்டரில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை பிறகு சொல்கிறேன்.

*

கோவில்பட்டியில் மூன்று கடைகளில் விசாரித்தேன். "பேனல் மாத்துவோம், போர்டு மாத்துவோம். இதையெல்லாம் தொடுறதில்லை சார்" என்றார்கள். ஒரு பையன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது டி.வி.யா, பீரோவா?" என்று கேட்டான்.

சாயங்காலம் அம்மாதான் ஞாபகப்படுத்தினாள். "நம்ம கீழத்தெருவுல அவன் இருக்கான்லா. ரேடியோ, டி.வி. எல்லாம் பாப்பானே. அவனை வரச் சொல்லு."

அவனை. அம்மா சொன்ன அந்த 'அவனை'யைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கூசியது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஒரே பள்ளிக்கூடம். நான் அவரை பேர் சொல்லி "வாலே, போலே" என்பேன். அவர் என்னை "தம்பி" என்பார். எங்கள் தெருவுக்கும் அவர் தெருவுக்கும் நடுவில் ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் எந்த வயதானாலும் பேர் சொல்லிக் கூப்பிடப்படுவார்கள். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் எந்த வயதானாலும் மரியாதையாகக் கூப்பிடப்படுவார்கள். உங்களில் பலருக்கு அப்படி ஒரு ஓடை தெரிந்திருக்கும்.

பத்தாவது முடித்ததும் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். தொழில் கற்று, கோவில்பட்டியில் சின்னதாகத் தனிக்கடை போட்டார். 2006-ல் இருந்து அரசாங்கம் வீடு வீடாக இலவச கலர் டி.வி. கொடுத்தபோது, "இனி யாரு பழுது பார்ப்பா"ன்னு பயந்தாராம். நடந்தது நேர்மாறு. இரண்டு வருஷம் கழித்து அந்த டி.வி.க்கள் எல்லாம் வரிசையாக அவர் கடைக்கு வந்தன. "என் பொண்ணு படிப்பு அதுலதான் நடந்துச்சு" என்றார். அப்புறம் ஃப்ளாட் டி.வி. வந்தது. அதில் பழுது பார்க்க ஒன்றும் இல்லை. கழற்றி மாட்டுவதுதான். கடையை மூடிவிட்டார். இப்போது மோட்டார் காயில் கட்டுகிறார்.

நான் நேரில் போய், "அண்ணே, ஒரு உதவி" என்றேன். அந்த 'அண்ணே' அவர் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஷட்டர் வச்ச டி.வி.யா? இன்னும் இருக்கா?" என்றார். அவர் முகம் பத்து வயதுப் பையனின் முகமாகிவிட்டது.

*

மறுநாள் காலையில் ஒரு ரெக்சின் பையோடு வந்தார். டி.வி.யை ஹாலில் வைக்கலாம் என்றேன். "வேண்டாம் தம்பி, வராந்தாவுல வெளிச்சம் நல்லாருக்கு" என்றார். ஹாலில் டியூப் லைட் இருந்தது. நான் வற்புறுத்தவில்லை.

பிளக்கைச் சொருகப் போன என் கையைத் தட்டிவிட்டார். "இருவத்தஞ்சு வருசம் தூங்கின ஆளைத் தண்ணி ஊத்தி எழுப்பக் கூடாது."

பின் மூடியைக் கழற்றினார். ஒரு கூடைத் தூசி. நூலாம்படை. மூலையில் இரண்டு பல்லி முட்டை. அதற்கு நடுவே, ஒரு பெரிய கண்ணாடிப் புனல் மாதிரி பிக்சர் டியூப். அதற்குக் கீழே பழுப்பு நிறப் பலகையில் ஒரு சின்ன ஊர். அதுதான் சேஸிஸ். நூற்றுக்கணக்கான வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டன்ஸ்கள், தகர டப்பா மாதிரி காயில்கள், நின்றுகொண்டிருக்கிற கண்டன்சர்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு ஆசைப்பட்டு உங்கள் பழைய டி.வி.யைத் திறந்துவிடாதீர்கள். அந்தக் கால செட்டுகள் பலவற்றில் சேஸிஸே நேராக மெயின் கரண்ட்டோடு சேர்ந்திருக்கும். பிளக்கை மாற்றிச் சொருகினால் அந்த இரும்புச் சட்டத்தைத் தொடுவதும் கம்பத்து ஒயரைத் தொடுவதும் ஒன்றுதான். பிக்சர் டியூபுக்குப் போகிற கரண்ட்டோ சுமார் 15,000 வோல்ட். அணைத்த பிறகும் அந்தக் கண்ணாடிக்குள் கொஞ்சம் மிச்சம் ஒளிந்திருக்கும். அண்ணன் முதல் வேலையாக, நீள ஸ்குரூ டிரைவரில் ஒரு ஒயரைச் சுற்றி, மறுமுனையை டியூபின் எர்த் பட்டையில் மாட்டி, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து அந்த மிச்சத்தை இறக்கினார். ஒற்றைக் கையால். இன்னொரு கை பாக்கெட்டில் இருந்தது. "ஒரு கையை எப்பவும் சும்மா வச்சிருக்கணும். ரெண்டு கையாலயும் தொட்டா, கரண்டு நெஞ்சு வழியாப் போகும்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் இடது கை ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டாக மடங்கியிருந்தது.

"சால்டரிங் பண்ணும்போது பட்டதா அண்ணே?"

"இல்ல தம்பி, அது பழைய அடி."

*

பிரஷ்ஷால் தூசியைத் தட்டி முடிக்கவே மதியமாகிவிட்டது. அப்புறம் பையிலிருந்து ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரையும், ஒரு பலகையில் மாட்டிய 100 வாட்ஸ் குண்டு பல்பையும் எடுத்தார். டி.வி.க்குப் போகிற கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரிந்து, டி.வி.யைக் காப்பாற்றிவிடும். ஷார்ட் இல்லாவிட்டால் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். எவ்வளவு எளிய டாக்டர் பாருங்கள்!

சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"ஃபில்டர் கண்டன்சர் போயிருச்சு. டயோடும் ஒண்ணு போயிருக்கும்" என்று உடனே அணைத்தார்.

கண்டன்சர் ஏன் கெட்டுப்போகிறது? அதற்குள் இரண்டு அலுமினியத் தகடும், அவற்றுக்கு நடுவே ஒரு திரவத்தில் நனைத்த காகிதமும் சுருட்டி வைத்திருக்கும். ஒரு தகட்டின்மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டு. அதுதான் கரண்ட்டைத் தடுத்து, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற சுவர். ஓடாமல் பல வருஷம் கிடந்தால் அந்தச் சுவர் பலவீனமாகும். காகிதத்தின் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். வெளியே டப்பா புத்தம் புதுசு மாதிரி நிற்கும். உள்ளே வறண்டிருக்கும். திடீரென்று 230 வோல்ட்டையும் கொடுத்தால் பட்டாசு மாதிரி வெடிக்கும்.

எனக்குக் கொஞ்சம் அரைகுறை அறிவு உண்டு. "அண்ணே, எல்லாக் கண்டன்சரையும் ஒரேயடியா மாத்திருவோமா? மொத்தமா வாங்கியாந்துர்றேன்" என்றேன்.

"அது வைத்தியம் இல்ல தம்பி. மொத்தமாக் கழட்டினா, எது கெட்டுது எது நல்லதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஒண்ணை மாத்தினா ஒருதடவை ஓட்டிப் பாக்கணும். நாம தப்பா ஒண்ணை வச்சிருந்தாலும் எங்க வச்சோம்னு தெரியும்லா."

இன்னொரு ஆசையும் எனக்கு இருந்தது. வெளிநாட்டில் பழைய ரேடியோ, டி.வி. பிரியர்கள் ஒரு காரியம் செய்வார்கள். பழைய கண்டன்சரின் வயிற்றைக் குடைந்து, புதியதை அதற்குள் வைத்து மூடிவிடுவார்கள். இந்தக் காலத்துக் கண்டன்சர் அளவில் ரொம்பச் சின்னது. பழையது கட்டைவிரல் என்றால் புதியது சுண்டுவிரல். அதனால் உள்ளே அடங்கிவிடும். பார்ப்பவர்களுக்கு எல்லாமே அந்தக் காலத்துச் சாமானாகத் தெரியும். "அப்படிச் செய்யலாமா?" என்றேன்.

அண்ணன் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு மறைக்கணும்? மாத்தினது மாத்தினதாத் தெரியட்டும். நாளைக்கு இதைத் தொறக்கிறவனுக்கு எது பழசு, எது புதுசுன்னு தெரியணும். மறைச்சு வச்சா அவன் ஏமாந்துருவான்."

கோவில்பட்டிக்கு பஸ் ஏறி, அவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு கடை கடையாக அலைந்தேன். மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்ட்டேஜ் அதே அளவு அல்லது கூட, 105 டிகிரி சூடு தாங்குவதாக இருந்தால் நல்லது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியிருந்தார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. நான்காவது கடையில் ஒரு பெரியவர் சீட்டைப் படித்துவிட்டு, "BU205 டிரான்ஸிஸ்டரா! இதைக் கேட்டு ஆள் வந்து எத்தனை வருசமாச்சு" என்று உள்ளேபோய், ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கிளறி எடுத்துக்கொண்டு வந்தார். "இது தேவைப்படாது, இருந்தாலும் கைவசம் இருக்கட்டும்" என்றுதான் அண்ணன் எழுதியிருந்தார்.

*

மூன்றாம் நாள் காலை. ஃபில்டர் கண்டன்சர் மாற்றியாகிவிட்டது. டயோடு மாற்றியாகிவிட்டது. சுவிட்சைப் போட்டார். குண்டு பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து, மங்கி, சிவப்புக் கம்பியாக அடங்கியது. பிக்சர் டியூபின் கழுத்தில் சின்னதாக ஆரஞ்சு வெளிச்சம் பூத்தது. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

"அப்பா, என்னது கீ...ன்னு சத்தம்?" என்று காதைப் பொத்திக்கொண்டாள் என் மகள். ஒன்பது வயது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "எனக்கும் இப்பக் கேக்கலை பாப்பா. அப்பக் கேக்கும்."

விஷயம் இதுதான். டி.வி. படம் என்பது மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரைவது. முழுப் படத்துக்கு 625 கோடு. நொடிக்கு 25 படம். பெருக்கினால் நொடிக்கு 15,625 கோடு. அந்த வேகத்தில் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வதால் ஊசி மாதிரி ஒரு சத்தம் வரும். சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்கும். வயது ஏற ஏற, காது முதலில் இழப்பது அந்த மாதிரி மெல்லிய சத்தங்களைத்தான்.

அண்ணன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க தாத்தா டி.வி. போட்டார்னா, பாட்டு வர்றதுக்கு முன்னாடியே இந்தச் சத்தம் வந்துரும். தெருவுல கோலிக்குண்டு விளையாடிட்டு இருப்போம். 'லேய், போட்டாச்சு'ன்னு நான்தான் முதல்ல ஓடி வருவேன்."

"வந்து இங்க உக்காந்து பாப்பீங்களா மாமா?"

"இல்ல பாப்பா. அந்தா, அந்த ஜன்னல் இருக்குல்லா, அதுக்கு வெளிய நிப்போம்."

"அங்கருந்து தெரியுமா?"

"டி.வி. அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிட்டு இருக்கும். படம் தெரியாது. உங்க அப்பா, தாத்தா, பாட்டி எல்லாம் உக்காந்து பாக்கிறது தெரியும். அவங்க சிரிச்சா நாங்களும் சிரிப்போம். அப்புறம் பின்னாடி மூடில ஓட்டை ஓட்டையா இருக்கும்லா, அதுவழியா இந்த ஆரஞ்சு லைட்டு தெரியும். மத்தவனெல்லாம் போயிருவான். நான் அதையே பாத்துட்டு நிப்பேன். இவ்வளவு கூத்தையும் இதுதான் பண்ணுதா, உள்ள என்னதான் இருக்குன்னு. அதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். குறை சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. எனக்குத்தான் தொண்டையில் என்னவோ அடைத்தது. எங்கள் வீட்டு டி.வி.யை ஆயிரம் தடவை பார்த்தவன் நான். அதன் பின்பக்கத்தில் ஒரு விளக்கு எரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

திரையில் படம் வரவில்லை. நட்ட நடுவே, குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அண்ணன் சட்டென்று பிரைட்னெஸ்ஸைக் குறைத்தார். அந்தக் கோடு ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நின்றால், திரையின் பூச்சைச் சுட்டு நிரந்தரத் தழும்பாக்கிவிடுமாம். "வெர்டிகல் செக்‌ஷன் தூங்குது. நாளைக்குப் பாப்போம்" என்றார்.

*

அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை.

1988-ஆக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஜன்னல் மேற்கே பார்த்தது. வெயில் நேராக எங்கள் கண்ணில் அடித்தது. "ஜன்னலைச் சாத்துடா" என்றார் அப்பா. எனக்கு ஒரு காட்சிகூட விட மனசில்லை. திரையைப் பார்த்தபடியே ஓடிப்போய், மரக்கதவை ஓங்கித் தள்ளிவிட்டுத் திரும்ப ஓடி வந்தேன். வெளியே யாரோ கத்தினார்கள். கதவு சரியாகப் பொருந்தவில்லை, ஏதோ தடுத்தது. நான் திரும்பிப் போய் இன்னும் ஒரு தள்ளு தள்ளினேன். பொருந்திவிட்டது.

யாரோ கத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். திறந்து பார்க்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்ததும் தெரியும். கேட்கவில்லை. அப்புறம் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்வதுகூட சரியில்லை. பரணில் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் வெர்டிகல் செக்‌ஷனில் ஒவ்வொரு ரெசிஸ்டன்ஸாக மீட்டரில் தொட்டுக்கொண்டிருந்தார். பழைய கார்பன் ரெசிஸ்டன்ஸ்களுக்கு ஒரு குணம் உண்டு. வருஷம் ஆக ஆக அளவு ஏறிவிடும். வெளியே வண்ணக் கோடு ஒன்று சொல்லும், மீட்டர் வேறு சொல்லும்.

"அண்ணே, அந்த நகம்..." என்றேன்.

மீட்டரைக் கீழே வைக்கவில்லை. "ம்."

"நான்தானே?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "உங்க சட்டை தெரிஞ்சுது தம்பி. மஞ்சக் கலர்" என்றார்.

"இத்தனை வருசம் சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்றேன். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

அவர் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. 'அதெல்லாம் சின்ன வயசு' என்றும் சொல்லவில்லை. "அன்னைக்கு எங்கம்மா மஞ்சப் பத்துப் போட்டுக்கிட்டே, 'இனிமே அந்தத் தெருப் பக்கம் போன, காலை ஒடிப்பேன்'னா. அடுத்த வாரமும் வந்தேன். லைட்டு எரியுதான்னு பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டு, கையை நீட்டினார். "அந்த நூறு மைக்ரோவை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க நான்தான் எடுபிடி. அவருக்கு இப்போது கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரிவதில்லை. ஒரு இடத்தில் ஈயம் விரிசல் விட்டிருப்பதை நான்தான் பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்தேன். "சபாஷ்" என்றார். அளவு ஏறிய ரெசிஸ்டன்ஸ் ஒன்று, வறண்ட கண்டன்சர் ஒன்று, விரிசல் விட்ட ஜாயின்ட் ஒன்று. மூன்றையும் சரிசெய்து, நடுநடுவே ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது தடவை, அந்த ஒற்றைக் கோடு மேலும் கீழுமாக விரிந்தது. ஒரு விரலளவு, ஒரு சாண், அப்புறம் திரை முழுக்க. புள்ளி புள்ளியாக, மழை மாதிரி.

"பிக்சர் டியூப் நல்லாருக்கு தம்பி" என்றார். அதுவரைக்கும் அவர் சொல்லாமல் வைத்திருந்த பயம் அது. மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த டியூபை இந்தியாவில் இன்று யாரும் செய்வதில்லை. அது போயிருந்தால் எல்லாம் போயிற்று.

*

இன்னொரு பிரச்னை பாக்கி இருந்தது. இந்த டி.வி.யில் எதைப் பார்ப்பது? ஆன்டெனா கட்டினால் ஒன்றும் வராது. 2022-க்குள் தூர்தர்ஷன் நாடு முழுக்கப் பெரும்பாலான பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டது. டி.வி. பிழைத்துவிட்டது, அதனோடு பேசத்தான் ஆளில்லை. அண்ணன் தன் பையிலிருந்து ஒரு பழைய ஆர்.எஃப். மாடுலேட்டரை எடுத்தார். கேபிள் டி.வி. காலத்துச் சாமான். பென் டிரைவ் பிளேயரின் படத்தை வாங்கி, அந்தக் காலத்துச் சேனலாக மாற்றிக் கொடுக்கும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் டி.வி.யை ஹாலுக்குள் தூக்கினோம். பழைய இடத்திலேயே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. ஒயரைச் சொருகிவிட்டு அண்ணன் வராந்தாவுக்குப் போகத் திரும்பினார். அம்மா காபியோடு வந்தாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர்.

"எங்க போறப்பா? உக்காரு. நீ பண்ணினதை நீ பாக்காம யாரு பாப்பா?" என்றாள். அப்பா உட்காருகிற நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவள்தான். அவளுக்கு ஏதாவது ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

அண்ணன் உட்கார்ந்தார். நுனியில்தான் உட்கார்ந்தார். கருப்பு வெள்ளைப் பாட்டு ஒன்று ஓடியது. கதாநாயகியின் முகம் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. எழுந்துபோய்ச் சரிசெய்வார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறிவிட்டது.

என் மகளைக் காணோம். தேடினால், ஜன்னலுக்கு வெளியே நின்று டி.வி.யின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, லைட்டு எரியுது!" என்று கத்தினாள்.

கிளம்பும்போது ஒரு சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்தார். கண்டன்சர் 9, ரெசிஸ்டன்ஸ் 4, டயோடு 1. BU205 தேவைப்படவில்லை, கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு குறிப்பு. கூலி, ஐந்து நாளுக்கு அவர் காயில் கட்டியிருந்தால் கிடைத்திருக்கும் அளவுதான். நான் கூடுதலாக வைத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அதிகமாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வாங்கிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அதோடு ஒரு பிளாஸ்டிக் கவரும் கொடுத்தார். மாற்றிய பழைய சாமான்கள். அந்தக் காலத்து நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம் அது. எதைக் கழற்றினோம் என்று வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கவர் இப்போது என் மேஜையில் இருக்கிறது. பார்ப்பதற்கு எல்லாமே நல்லபடியாகத்தான் இருக்கின்றன. ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே சத்தமே இல்லை.

உங்கள் பரணில் ஏதாவது இருந்தால், ஓடு மாற்றுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏறிப் பார்த்துவிடுங்கள்.